கோலுக்குள் நிற்கும் பிள்ளை: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முல்லைத்தீவு மாவட்டத்தில் உடற்கல்வி படிப்பிக்கிறேன். அதற்கு முன்னும் அதோடு சேர்த்தும் பன்னிரண்டு வருடம் பெண்கள் உதைபந்தாட்ட அணிகளில் கோல் காத்தவள். பின்னேரங்களில் மைதான வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அம்மாமார் கேட்பதும், இரவில் வட்ஸ்அப்பில் பிள்ளைகள் குரல்பதிவாக அனுப்புவதும் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. ஆகவே எழுதி வைக்கிறேன்.

ஓடத் தெரியாதவள் என்றுதானே என் மகளைக் கோலுக்குள் விட்டீர்கள்?

இல்லை. ஆனால் இந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறதென்று எனக்குத் தெரியும். என்னை அப்படித்தான் விட்டார்கள். போரில் இடம்பெயர்ந்து தங்கியிருந்த செட்டிகுளம் முகாமிலிருந்து ஊர் திரும்பி, 2011 இல் பாடசாலையில் பெண்கள் அணி ஒன்று போட்டபோது எனக்கு 14 வயது. தண்ணீர் குடிக்கப் போய்ப் பிந்தி வந்தேன். மற்றப் பத்து இடமும் நிரம்பியிருந்தது. மிச்சமிருந்த இடத்தில் போய் நின்றேன்.

மைதானம் முடிந்து பற்றை தொடங்கும் இடத்தில், என் கோலுக்குப் பின்னால், மிதிவெடி அபாயம் என்ற சிவப்புப் பலகை நின்றது. கோலுக்குப் பின்னால் போகும் பந்தை எடுத்து வருவது கீப்பரின் வேலை. பலகையைத் தாண்டினால் அந்தப் பந்தை மறந்துவிட வேண்டும். எங்களிடம் இருந்ததே இரண்டு பந்து. ஆகவே பயிற்சியாளர் ஒன்றும் சொல்லித்தர முதலே, தட்டிவிடுவதைவிடப் பிடிப்பது நல்லதென்று படித்துவிட்டேன்.

இப்போது நான் ஆளைப் பார்த்துத்தான் விடுகிறேன். உங்கள் மகள் கிளித்தட்டு விளையாட்டில், கடக்க வருகிறவளை மறித்துக்கொண்டு, கோட்டிலிருந்து விலகாமல் நின்றதைப் பார்த்தேன். முன்னால் நிற்பவளின் கால் எங்கே போகுமென்று அவளுடைய இடுப்பைப் பார்த்துக் கண்டுபிடிக்கிறாள், கையை விரித்துப் பக்கவாட்டில் நகர்கிறாள், குதிக்காலில் பாரம் வைப்பதில்லை. நான் ஆறு மாதம் மினக்கெட்டுச் சொல்லிக்கொடுக்க வேண்டியதை ஊர் முற்றம் அவளுக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டது. வலைப்பந்து விளையாடும் பிள்ளைகளுக்கு உயரப் பந்து சுலபம், தடியால் பந்தை அடித்து ஓடும் எல்லே விளையாடுகிறவர்களுக்குக் கை பழகியிருக்கும். இவர்களைத்தான் தேடிப் பிடிக்கிறேன்.

இன்னொன்று. அமெரிக்காவின் ஹோப் சோலோ பாடசாலைக் காலத்தில் கோல் அடிக்கிறவர். பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகுதான் முழுநேரக் கோல்காப்பாளராக மாறினார். பிறகு 202 சர்வதேசப் போட்டிகள், 2008 இலும் 2012 இலும் ஒலிம்பிக் தங்கம், 2011, 2015 உலகக் கிண்ணங்களில் சிறந்த கோல்காப்பாளர் விருது. ஓடத் தெரியாததால் அங்கே போனவர் அல்ல.

எத்தனை வயதில் தொடங்கலாம்?

பத்து வயதுப் பிள்ளையை நிரந்தரக் கீப்பராக்க வேண்டாம். 12 வயது வரை எல்லா இடத்திலும் விளையாடட்டும், சிறிய நான்காம் இலக்கப் பந்தோடு. 14 இல் தொடங்கினாலும் பிந்தவில்லை. 1992 இல் ஒரு விதி வந்தது: தன் அணியாள் வேண்டுமென்று காலால் தரும் பந்தைக் கோல்காப்பாளர் கையால் தொடக்கூடாது. அன்றிலிருந்து கீப்பருக்கும் கால் வேண்டும். நடுக்களத்தில் இரண்டு வருடம் ஓடிவிட்டு வருகிறவள் எனக்கு லாபம்.

உயரம் காணாதே, பரவாயில்லையா?

கோலின் அகலம் 7.32 மீற்றர், உயரம் 2.44 மீற்றர். அதை முழுதாக மூடுகிற உயரத்தில் உலகத்தில் ஒரு பெண்ணும் பிறக்கவில்லை, ஆணும் பிறக்கவில்லை. உயரமான பிள்ளைக்கு ஒரு வசதி இருக்கிறது, மறுக்கவில்லை. மிச்சம் எங்கே நிற்கிறாய் என்பதில் இருக்கிறது.

இதை வாயால் சொன்னால் விளங்காது. மாடு கட்டும் கயிறு இரண்டு எடுங்கள். ஒவ்வொரு கம்பத்தின் அடியிலும் ஒன்றைக் கட்டி, இரண்டின் மறுமுனையையும் பந்து இருக்கும் இடத்துக்குக் கொண்டுவந்து ஒரு தடியில் முடியுங்கள். தரையில் ஒரு முக்கோணம் விழும். பிள்ளையைக் கோட்டில் நிற்கச் சொல்லுங்கள்: இரண்டு பக்கமும் கயிறு எட்டாத தூரத்தில் இருக்கும். இப்போது பந்தை நோக்கி ஒவ்வொரு அடியாக முன்னால் வரச் சொல்லுங்கள். நாலாவது ஐந்தாவது அடியில் கையை நீட்டினால் இரண்டு கயிறும் விரலில் தட்டுப்படும். ‘ரீச்சர், கோல் சின்னனாப் போச்சு’ என்று ஒரு பிள்ளை கத்தினாள் பாருங்கள், அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் நான் இந்த வேலையில் இருக்கிறேன். அளவுக்கு மீறி முன்னால் வந்தால் தலைக்கு மேலால் தூக்கிப் போட்டுவிடுவார்கள். அதையும் கயிற்றோடேயே காட்டலாம்.

2011 உலகக் கிண்ண இறுதியில் ஜப்பானின் அயூமி கைஹோரி சமநிலை தவிர்ப்பு உதைகளில் இரண்டைத் தடுத்தார். ஒன்று, தவறான பக்கம் பாய்வது போலப் போய், பின்னால் விடுபட்ட காலால் தடுத்தது. அவர் அந்த அமெரிக்க அணிக்கு முன்னால் உயரமானவராகத் தெரியவே இல்லை.

கிறவல் (சரளைக் கல்) மைதானத்தில் விழுந்தால் தோல் உரிகிறதே?

உரியும். நானே முழங்கையில் இன்னும் தழும்பு வைத்திருக்கிறேன். புல் வளர்த்த மைதானம் வன்னியில் விரல்விட்டு எண்ணக்கூடியது. மற்றதெல்லாம் செம்மண், கிறவல், கோடையில் நெருஞ்சி.

ஆகவே விழப் பழகுவதை மைதானத்தில் தொடங்குவதில்லை. கடற்கரைப் பிள்ளைகளுக்கு மணல் இருக்கிறது. உள்ளே இருக்கும் பிள்ளைகளுக்குக் காலபோக நெல் அறுவடை முடிந்ததும் வைக்கல் இருக்கிறது. உரப் பையில் வைக்கலை அடைத்துத் தைத்தால் மெத்தை. முதல் கிழமை முழங்காலில் நின்றபடி பக்கமாகச் சரிவது மட்டும். பிறகு குந்தியிருந்து. பிறகுதான் நின்றபடி. நிலத்தில் படவேண்டிய ஒழுங்கு: கெண்டைக்கால், தொடையின் வெளிப்பக்கம், இடுப்பின் பக்கம், தோளின் பக்கம். முழங்கையும் வயிறும் முதலில் பட்டால் பிழை. பந்தையே மூன்றாவது கை போலப் பாவித்து நிலத்தில் ஊன்றலாம்.

கோல்காப்பாளர் நீளக் காற்சட்டை போடலாம் என்று விதியே சொல்கிறது. அரைக் காற்சட்டைக்குத் தகப்பன் சம்மதிக்காத வீடுகளில் இந்த ஒரு வரி பல பிள்ளைகளை மைதானத்துக்குக் கொண்டுவந்திருக்கிறது. தலையை மூடும் ஹிஜாபையும் ஃபிஃபா 2014 இல் அனுமதித்தது. மன்னார், வவுனியா, முல்லைத்தீவு முஸ்லிம் பிள்ளைகள் அதைக் காரணமாகச் சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டால், விதி உங்கள் பக்கம்.

நெஞ்சில், வயிற்றில் பந்து பட்டால் பிறகு பிள்ளை பெறுவதில் பிரச்சினை வருமா?

வராது. கருப்பை இடுப்பு எலும்புக்கூட்டுக்குள் பத்திரமாக இருக்கிறது. நோ இருக்கும், சில நாளில் மாறும். இந்தப் பயம் எங்கள் ஊருக்கு மட்டும் சொந்தமானதல்ல. 1920 இல் லிவர்பூலில் பெண்களின் ஒரு போட்டியைப் பார்க்க 53,000 பேர் வந்தார்கள். அடுத்த வருடமே இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம், இந்த ஆட்டம் பெண்களுக்கு ஒவ்வாது என்று சொல்லித் தன் கழகங்களின் மைதானங்களைப் பூட்டிவிட்டது. ஐம்பது வருடம் பூட்டியிருந்தது. பிரேசிலில் 1941 தொடக்கம் 1979 வரை சட்டத்தாலேயே தடை. வேலிக்கு அங்கால் நிற்கும் அப்பம்மாவைத் தனியாகக் குறை சொல்லி என்ன?

மாதவிடாய் நாட்களில் வரலாமா?

வரலாம். முடியாவிட்டால் வரவேண்டாம், காரணம் கேட்கமாட்டேன். கறுப்பு அல்லது கடும்நீலக் காற்சட்டை போடுங்கள். இங்கிலாந்து தேசிய அணியே 2023 இல் வெள்ளைக் காற்சட்டையைக் கைவிட்டு நீலத்துக்கு மாறியது, இதே காரணத்துக்காக. முருங்கையிலை, கீரை, நெத்தலி, பயறு சாப்பிடச் சொல்வதை அம்மாமார் என்னைவிட நன்றாகச் செய்வீர்கள்.

நல்ல கையுறை வாங்க வேண்டுமா?

நான் முதல் இரண்டு வருடம் அண்ணனின் மேசன் வேலைக் கையுறையோடு நின்றேன். சீமெந்து மணம் போகவே இல்லை. மழையில் பந்து வழுக்கியது, ஆனாலும் விரல் நகம் தப்பியது.

இப்போது ஓரளவான விலையில் ரப்பர் பூசிய கையுறைகள் கிடைக்கின்றன. விரல் நுனிக்கு மேல் சுண்டுவிரல் அகலம் மிச்சம் இருக்கும் அளவாகப் பாருங்கள். உள்ளங்கை மென்மையாக இருந்தால் நன்றாக ஒட்டும், கிறவலில் கெதியாகக் கிழியும். எனவே பழையதைப் பயிற்சிக்கு, புதியதைப் போட்டிக்கு. பாவிக்க முன் சாதுவாக நனையுங்கள். முடிந்ததும் வெறும் தண்ணீரில் கழுவி நிழலில் காயப்போடுங்கள். வெயிலில், கூரைத் தகரத்தில் போட்டால் அப்பளமாகிவிடும்.

கீப்பரின் உடுப்பை ஒருவரும் பொருட்படுத்துவதில்லை என்ற கவலை உங்களுக்கு மட்டும் இல்லை. 2023 உலகக் கிண்ணத்தின்போது இங்கிலாந்தின் மேரி ஏர்ப்ஸ் அணிந்த மேற்சட்டையைத் தவிர மற்ற வீராங்கனைகளின் மேற்சட்டைகள் கடையில் இருந்தன. அவர் வெளிப்படையாகக் கேட்டார், ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்டோர் கையொப்பமிட்டார்கள். அந்த இறுதிப் போட்டியில் தோற்றாலும் ஸ்பெயினின் தண்ட உதை ஒன்றைத் தடுத்துச் சிறந்த கோல்காப்பாளர் விருதை எடுத்தார். மேற்சட்டை பிறகு விற்பனைக்கு வந்தது, வந்த வேகத்தில் தீர்ந்தது.

சோளகக் காலத்தில், தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில், என்ன செய்வது?

கொழும்பிலிருந்து வரும் பயிற்சிப் புத்தகங்களில் இதற்கு அதிகாரம் கிடையாது. வைகாசிக்குப் பிறகு பின்னேர ஆட்டங்களில் காற்றே பன்னிரண்டாவது ஆள். காற்றுக்கு எதிராக நீங்கள் தூக்கி உதைத்த பந்து நடுக்கோட்டைத் தாண்டாமல் உங்களிடமே திரும்பி வரும். எதிரே காற்றென்றால் உதையைப் பதிவாக அடியுங்கள், அல்லது கிட்ட நிற்பவளுக்கு உருட்டுங்கள். காற்று முதுகில் என்றால் உங்கள் உதை எதிர்க் கீப்பருக்கே போய்விடும், அரைவாசிப் பலம் போதும். நாணயச் சுழற்சியில் வென்றால் முதல் பாதியில் காற்றோடு ஆடுவதா, காற்றுக்கு எதிராகவா என்று எங்கள் ஊரில் எப்போதும் வாக்குவாதம். என் கட்சி: முதலில் காற்றோடு. பொழுது சாயச் சாயச் சில நாளில் காற்று விழுந்துவிடும், மற்ற அணிக்கு அந்த லாபம் முழுதாகக் கிடைக்காது. மேற்குப் பார்த்த கோலில் நாலரை மணி வெயில் கண்ணில் அடிக்கும், அதற்குத் தொப்பி போடலாம், அனுமதி உண்டு.

தண்ட உதையை எப்படித் தடுப்பது?

பதினொரு மீற்றரிலிருந்து அடிக்கிறாள். அடிக்கிறவளுக்குத்தான் பயம், உனக்கில்லை. கோல் போனால் யாரும் உன்னைக் குறை சொல்லமாட்டார்கள். பந்தைப் பாராதே, ஊன்றும் காலைப் பார். கடைசி அடியில் அந்தப் பாதம் திரும்பியிருக்கும் பக்கத்துக்குத்தான் பெரும்பாலும் பந்து போகும். பெரிய போட்டிகளில் இது தவறலாம், வலய மட்டத்தில் எனக்குப் பலமுறை சரிவந்தது.

1999 உலகக் கிண்ண இறுதியில், 90,000 பேருக்கு மேல் பார்த்துக்கொண்டிருக்க, அமெரிக்காவின் பிரியானா ஸ்கரி சீனாவின் லியூ யிங் அடித்த உதையைத் தடுத்தார். அடிக்க முன்பே கோட்டைவிட்டு முன்னால் வந்துவிட்டாரென்று இன்றுவரை கதைக்கிறார்கள். இப்போதைய விதிப்படி, உதைக்கும் கணத்தில் ஒரு பாதத்தின் ஒரு பகுதியாவது கோட்டில், கோட்டுக்கு நேரே அல்லது அதற்குப் பின்னால் இருக்கவேண்டும். எங்கள் மத்தியஸ்தர்களும் இப்போது இதைக் கவனிக்கிறார்கள். இன்னொரு புதிய விதியும் இருக்கிறது: கையில் பந்தை 8 வினாடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்கு மூலை உதை. 2025 இல் வந்தது. முன்னிலையில் இருக்கும்போது பந்தை அணைத்துக்கொண்டு படுத்திருக்கும் பழக்கத்தை விடுங்கள்.

ஹன்னா ஹம்ப்டன் கதையை என் பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். கண்கள் நேர்கோட்டில் இல்லாமல் பிறந்து, சின்ன வயதிலேயே சத்திரசிகிச்சைகள் செய்துகொண்டவர். உதைபந்தாட்டம் உனக்குச் சரிவராதென்று வைத்தியர்கள் சொன்னவர். 2025 யூரோ (ஐரோப்பியச் சம்பியன்ஷிப்) இறுதியில் ஸ்பெயினுக்கு எதிராக இங்கிலாந்துக்காக இரண்டு உதைகளைத் தடுத்தார். யார் எந்தப் பக்கம் அடிப்பார் என்பதைக் கையில் எழுதி வைத்திருந்தாராம். ஸ்பெயின் கீப்பர் அதே விபரத்தை ஒட்டி வைத்திருந்த தண்ணீர்ப் போத்தலைத் தானே தூக்கி ரசிகர் பக்கம் எறிந்துவிட்டதாகவும் பிறகு சிரித்துக்கொண்டு சொன்னார். எழுதி வைப்பதை நான் சிபாரிசு செய்கிறேன். போத்தலை எறிவதை அல்ல.

தோற்றால் எல்லோரும் என்னையே பேசுகிறார்கள், ரீச்சர்.

பேசுவார்கள். ஒரு மாகாணப் போட்டியில், 0-0, கடைசி நிமிடங்கள். சாதாரண உருட்டுப் பந்து. குனிந்தேன், ஆனால் காலைச் சேர்த்து வைக்கவில்லை. பந்து ஒரு கிறவல் கல்லில் பட்டுத் துள்ளி, கைக்கும் முழங்காலுக்கும் இடையால் போனது. அன்று வானில் திரும்பி வரும்போது யாரும் என்னோடு கதைக்கவில்லை. அணியோடு வந்த பெரியவர் ஒருவர் மட்டும், எனக்குக் கேட்கும்படியாக, ‘கல்லுக்கு என்ன தெரியும்’ என்றார். ஆறுதலா குத்தலா என்று இன்னும் எனக்குத் தெரியாது.

அடுத்த நாள் காலை அண்ணனை நூறு உருட்டுப் பந்து உருட்டச் சொன்னேன். ஒரு முழங்காலைப் பக்கமாக மடித்து, மற்றக் குதிக்காலோடு சேர்த்து, பின்னால் வாசல் இல்லாமல். இன்றைக்கும் என் எல்லாப் பயிற்சியும் அதில்தான் தொடங்கும். பிழை போன இரவு தொலைபேசியை அணைத்துவிட்டு நித்திரை கொள்ளுங்கள். அடுத்த நாள் அந்த ஒரு பந்தை மட்டும் திரும்பப் பழகுங்கள்.

பயிற்சியாளர்களுக்கும் ஒரு வார்த்தை. 2007 உலகக் கிண்ண அரையிறுதிக்கு அமெரிக்கா நன்றாக ஆடிக்கொண்டிருந்த சோலோவை இருத்திவிட்டு ஸ்கரியை இறக்கியது. பிரேசிலிடம் 0-4. இரண்டு பேருமே பெரிய கீப்பர்கள். ஒரு கோலுக்காகக் கீப்பரை மாற்றத் துடிக்கும்போது இதை நினையுங்கள்.

காயங்கள்?

விரல் மடங்கினால் இழுத்துவிட வேண்டாம், குளிர் ஒத்தடம், வீக்கம் இருந்தால் படம் எடுக்க வேண்டும். முழங்காலின் உள்ளே உள்ள முன்சிலுவைத் தசைநார் அறுவது பெண் வீராங்கனைகளுக்கு ஆண்களைவிட அதிகம். துள்ளி இறங்கும்போது முழங்கால் உள்ளே சாயாமல் பழக்கவேண்டும், அதனால்தான் ஒவ்வொரு நாளும் பதினைந்து நிமிடம் அலுப்பான உடற்பயிற்சி.

தலை விடயத்தில் மட்டும் நான் கடுமையானவள். ஸ்கரியின் விளையாட்டு வாழ்க்கை 2010 இல் ஒரு மோதலோடு முடிந்தது. தலையிடி, மறதி, மனச்சோர்வு வருடக்கணக்கில் தொடர்ந்தது. காசில்லாமல் ஒலிம்பிக் பதக்கங்களை அடகு வைத்தார். தலையில் பட்டு, பிள்ளை மயங்கினாலோ, சத்தி எடுத்தாலோ, எந்தப் பாதி என்று தெரியாமல் முழித்தாலோ அன்று ஆட்டம் முடிந்தது, நேரே வைத்தியசாலை. ‘எனக்கு ஒன்றும் இல்லை’ என்று அவள் சொல்வது கணக்கில் இல்லை.

சாதாரண தரப் பரீட்சை வருகிறதே?

பரீட்சைக்கு முந்திய மூன்று மாதம் கிழமைக்கு இரண்டு நாள் வந்தால் போதும். சென்னையில் பிறந்த அதிதி சௌகான் இங்கிலாந்துக்கு விளையாட்டு முகாமைத்துவத்தில் முதுமாணி படிக்கப் போனவர். அந்தப் படிப்பு வழியாகத்தான் 2015 இல் வெஸ்ட் ஹாம் பெண்கள் அணிக்குக் கோல் காத்தார்.

இதில் வாழ்க்கை நடத்தலாமா?

இலங்கையில் இதை மட்டும் நம்பி இருக்க முடியாது. மாதச் சம்பளத்தோடு பெண்கள் விளையாடுவதென்றால் பெரும்பாலும் இராணுவம், கடற்படை, விமானப்படை, பொலிஸ் அணிகள்தான். போர் நடந்த வன்னியில் இருந்துகொண்டு இந்த வசனத்தை எழுதிவிட்டு அடுத்த வசனத்துக்குப் போக எனக்குக் கொஞ்ச நேரம் எடுக்கிறது. அந்த வழியை எடுக்கும் பிள்ளையை நான் குறை சொல்வதில்லை. மாட்டேன் என்பவளிடம் காரணம் கேட்பதும் இல்லை. இரண்டையும் வீட்டில் இருந்து கதைக்க வேண்டும், மைதானத்தில் அல்ல.

சங்கங்களின் சண்டையும் பிள்ளையின் காலத்தைத் தின்னும். 2023 ஜனவரியில் ஃபிஃபா இலங்கையை இடைநிறுத்தியது, ஓகஸ்டில்தான் தடை நீங்கியது. 21 வயதுப் பிள்ளைக்கு ஏழு மாதம் என்பது ஒரு பருவம்.

ஆனால் கீப்பருக்கு மற்றவர்களைவிட நீண்ட காலம் உண்டு. ஜேர்மனியின் நாடின் ஆங்கரர் 2007 உலகக் கிண்ணத்தை ஒரு கோலும் விடாமல் வென்றார். 2013 யூரோ இறுதியில் 34 வயதில் இரண்டு தண்ட உதைகளைத் தடுத்து, அந்த வருடத்தின் உலகின் சிறந்த வீராங்கனையானார். அந்த ஃபிஃபா விருதை ஆண்கள் பெண்கள் இருபாலாரிலும் ஒரு கோல்காப்பாளர் வென்றது அதுவே முதல் தடவை. எங்களுக்குக் கிட்டவென்றால் பங்களாதேஷின் மலைநாட்டுப் பிள்ளை ரூப்னா சக்மா. 2022 தெற்காசியச் சம்பியன்ஷிப்பில் ஐந்து ஆட்டத்தில் ஒரே ஒரு கோல்தான் விட்டார். வென்று வந்த பிறகுதான் அவருடைய குடிசை வீட்டின் படம் நாடெங்கும் பரவி, அரசாங்கம் வீடு கட்டிக் கொடுத்தது.

விளையாட்டோடு ஒட்டிய வேலைகளும் இருக்கின்றன: உடற்கல்வி ஆசிரியை, பயிற்சியாளர் சான்றிதழ், மத்தியஸ்தர். பெண் மத்தியஸ்தர்கள் எங்கள் பக்கம் போதாது. கீப்பராக நின்றவள் முழு மைதானத்தையும் முன்னால் வைத்துப் பார்த்தவள், அந்த வேலைக்கு நல்லவள்.

பயிற்சிக்கு என்ன கொண்டு வரவேண்டும்? எப்போது வீடு திரும்புவாள்?

இரண்டு போத்தல் தண்ணீர், ஒரு துவாய், கிழிந்தாலும் பரவாயில்லாத நீளக் காற்சட்டை ஒன்று, தலைமயிர் கட்ட இரண்டு பட்டி. தோடு, காப்பு வீட்டில் இருக்கட்டும். சப்பாத்து இல்லாவிட்டால் சொல்லுங்கள், பழைய பிள்ளைகள் விட்டுப்போனவை ஒரு உரப் பை நிறைய இருக்கின்றன. மைதானத்தில் விளக்கு இல்லை. கடைசி பஸ்ஸில் போகும் பிள்ளைகளை ஐந்தரைக்கு அனுப்புவேன், சைக்கிள் பிள்ளைகள் இரண்டு இரண்டு பேராகத்தான் போகவேண்டும். ஒருத்தியாவது நிற்கும் வரை நானும் நிற்பேன், வாசலில் பழைய சிவப்பு ஸ்கூட்டி தெரியும்.